ஊர்வலத்தில் வந்து நின்ற என் கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்துப் பனியில், காலை ஏழு மணிக்கு தில்லி ஜனக்புரியில் நடந்தது இது. அன்று என் மகனுக்குக் கல்யாணம்.

பெண் பஞ்சாபி. சம்பந்தி தங்கமான மனிதர். நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர்கள் வழக்கப்படி ராத்திரி நடக்க வேண்டிய கல்யாணத்தைக் காலை முகூர்த்தத்துக்கு மாற்றினார். வாழையிலைச் சாப்பாடு, நாதஸ்வரம், தாலி எல்லாவற்றுக்கும் சரி என்றார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை, பெண் குதிரையில் ஏறி மண்டபத்துக்கு வர வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அப்படி வராத மாப்பிள்ளையே கிடையாதாம். அதற்கென்ன, ஜாம் ஜாமென்று வருவான் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தக் குளிரில் மகன் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டு வேட்டி, அதற்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, தலையில் முகத்தை மறைக்கும் பூச்சரத்தோடு பஞ்சாபித் தலைப்பாகை. வேட்டியோடு குதிரையில் எப்படி உட்காருவது என்று அவனுடைய நண்பர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, கடைசியில் நான்கு பேர் சேர்ந்து மூட்டையை ஏற்றுவது போல் அவனை ஏற்றி வைத்தார்கள். பேண்டுக்காரர்கள் முழங்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கலைந்தவர்கள் பால்கனிகளில் போர்வையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளையின் அக்கா குதிரைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பை ஊட்ட வேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம்தான். என் மகள் தட்டை நீட்டினாள். குதிரை வாயைக் கொண்டு வந்தது, கொஞ்சம் எடுத்தது, எல்லாவற்றையும் கீழே சிந்தியது. வீடியோக்காரர் இன்னொரு முறை என்றார். மறுபடியும் சிந்தியது. கல்யாணக் குதிரைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் நின்றிருந்த வெள்ளை வேனிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்வெட்டர், காலில் ரப்பர் பூட்ஸ், கூடவே ஒரு போலீஸ்காரர். தான் தில்லி அரசின் கால்நடை மருத்துவர் என்றும், கல்யாணக் குதிரைகளைச் சோதிக்க வந்திருப்பதாகவும் சொன்னார். பேண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைத் தயவுசெய்து இறக்குங்கள் என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் சம்பந்தமாகப் பொதுமக்கள் எழுதும் புகார்கள் எங்கள் பிரிவுக்குத்தான் வரும். ஒவ்வொன்றின் மேலும் 'தக்க நடவடிக்கைக்காக மாநில அரசுக்கு அனுப்பப்படுகிறது' என்று ஒரு கடிதம் வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவேன். பல வருடங்களாக அதுதான் என் பிழைப்பு. அந்தக் கடிதங்கள் எங்கே போகின்றன, என்ன ஆகின்றன என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனேன். இந்தச் சட்டத்தைப் பார்ப்பதே எங்கள் பிரிவுதான், நான் அங்கே அதிகாரி, என்னிடமே சட்டம் பேசுகிறீர்களா என்று இந்தியில் அதட்டினேன். அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கிண்டலில்லை, நிஜமான சந்தோஷம். கைபேசியில் எதையோ தேடி என்னிடம் நீட்டினார்.

"அச்சா! சார், நீங்களா அவர்? உங்க லெட்டர்தான் எங்ககிட்ட வந்திருக்கு. அதை வச்சுத்தான் இந்த ஏரியால முகூர்த்த நாளா பாத்து செக் பண்றோம்."

ஜனக்புரிவாசி ஒருவர் கல்யாணக் குதிரைகளைப் பற்றி, புகைப்படங்களோடு எழுதிய புகார். அதன் மேல் என் கடிதம். கீழே என் கையெழுத்து, வழக்கம்போல் வாலை நீட்டிக்கொண்டு. என் வாழ்நாளில் நான் அனுப்பிய தக்க நடவடிக்கை ஒன்று ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு என் மகன் கல்யாணத்துக்கே வந்து நிற்கிறது!

என் மனைவிக்கு ஊர் தென்காசிப் பக்கம். தில்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை. பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள், "நீங்க போட்ட கையெழுத்து நம்ம வீட்டு வாசலுக்கே வந்துட்டுல்லா! இன்னும் என்ன முழிச்சிட்டு நிக்கிய? அந்தம்மா என்ன சொல்லுதாவன்னு கேளுங்க" என்றாள்.

மகனை இறக்கியதும் மருத்துவர் மெதுவாகக் குதிரையின் வாயிலிருந்து கடிவாளத்தைக் கழற்றினார். வாய்க்குள் போகும் இரும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் சின்னச் சின்ன முட்கள். தொட்ட விரலில் ரத்தம். என்னுடையதல்ல, குதிரையுடையது. அதன் நாக்கு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. 'முள் கடிவாளம்' என்ற சொல்லை எத்தனையோ புகார்களில் படித்திருக்கிறேன். அது கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். வலியில் சாப்பிட முடியாமல் நின்ற ஜீவனைப் பார்த்து வெட்கம் என்று சிரித்தேனே! கூனிக் குறுகிப் போனேன்.

குதிரைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அழத் தொடங்கிவிட்டார். அவருக்கு இருப்பது இந்த ஒரு குதிரைதான். மேளத்துக்கும் வெடிக்கும் அது மிரளும், மாப்பிள்ளை விழுந்தால் அடி தனக்குத்தான், அதற்குப் பயந்துதான் முள் போட்டேன் என்றார். மருத்துவர் அவரைத் திட்டவில்லை. கடிவாளத்தைப் பறிமுதல் செய்து, நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். தினமும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு வந்து மருந்து போட வேண்டும், புண் ஆறும்வரை யாரையும் ஏற்றக் கூடாது, சொன்னபடி வந்தால் குதிரையைப் பிடித்துப் போக மாட்டேன் என்றார். பிறகு தன் கையாலேயே அதன் வாயைக் கழுவி மருந்து தடவி, வேனிலிருந்து ஒரு பருத்திக் கயிற்றை எடுத்து முகத்தில் கட்டினார்.

எல்லாம் சரி. சம்பந்திக்கு நான் கொடுத்த வாக்கு? முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. போன் செய்தேன். பாதி கட்டிய தலைப்பாகையோடு மனிதர் மண்டபத்திலிருந்து ஓடியே வந்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டோமே! என் கையெழுத்து உட்பட எதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் நேரே குதிரையிடம் போனார். அதன் வாயைப் பார்த்தார். நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"சொந்தப் பிள்ளையோட பாராத் ஊர்வலத்தையே பிடிக்கச் சொல்லி லெட்டர் போட்ட அப்பாவை இன்னிக்குத்தான் பாக்கறேன், சம்பந்தி ஜி! மாப்பிள்ளை ஏறி வரணும்னு சொன்னவன் நான். நானே மாத்திக்கறேன். ரெண்டு பேரும் நடந்து வரட்டும்!"

குதிரை நடந்து வரலாமா என்று மருத்துவரைக் கேட்டோம். சுமை இல்லாமல், பக்கத்தில் சத்தம் இல்லாமல் என்றால் தாராளமாக வரலாம் என்றார். பேண்ட் மாஸ்டருக்குத்தான் மனமில்லை. முணுமுணுத்துக்கொண்டே தன் ஆட்களோடு முன்னே போனார். மேளம் இல்லாத குறை தீர, சம்பந்தியின் பின்னாலேயே மண்டபத்திலிருந்து வந்துவிட்ட பஞ்சாபிப் பெண்கள் மெல்லக் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒரு பாட்டு முடித்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள் நலங்குப் பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்படியே மாறி மாறி. பனிக்குள் என் மகன் ஒரு கையில் கயிறும் மறு கையில் வேட்டி நுனியுமாக நடந்தான். குதிரை அவன் தோளில் மூக்கை உரசிக்கொண்டே வந்தது. அத்தனை அழகான ஊர்வலத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மண்டப வாசலில் மகள் மறுபடியும் தட்டை நீட்டினாள். குதிரை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் எடுத்து, ஒரு பக்கமாக மெதுவாக மென்றது. பிறகு தட்டு காலியாகும்வரை தலையைத் தூக்கவே இல்லை. அதோடும் விடாமல் சம்பந்தியின் கழுத்தில் கிடந்த சாமந்தி மாலையையும் இழுத்துத் தின்றது. இரண்டு வீட்டாரும் கைதட்டிய சத்தத்தில் தாலி கட்டிவிட்டார்கள் என்று நினைத்து நாதஸ்வர கோஷ்டி கெட்டிமேளமே கொட்டிவிட்டது! குதிரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மருத்துவர் உள்ளே வரவில்லை. இனிப்புப் பெட்டியையும் வாங்கவில்லை. இன்னும் நிறைய ஊர்வலங்களைப் பார்க்க வேண்டுமாம். என் மனைவி விடாப்பிடியாகக் கொடுத்த ஒரு டம்ளர் காபியை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டு வேனில் ஏறினார். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நிஜமான கெட்டிமேளம் கேட்டது.

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு, குதிரைக்காரரோடு நானும் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். புண் ஆறிவிட்டது. அலுவலகத்தில் மிச்சமிருந்த நாட்களில் எந்தப் புகாரையும் படங்களைப் பார்க்காமல் அனுப்பியதில்லை. அனுப்பிய பிறகும் போன் போட்டு என்ன ஆயிற்று என்று கேட்பேன். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் இவருக்கு என்ன வந்தது என்று பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள்.

இப்போதும் வழியில் கல்யாண ஊர்வலம் எதிர்ப்பட்டால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என் கண் குதிரையின் வாய்க்குத்தான் போகிறது. அது வலியில்லாமல் சும்மா எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தால், யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், நின்று மனதார வாழ்த்திவிட்டுத்தான் நகர்கிறேன்.