டைரக்ட் கொடுத்த ஃபேன்

2003-ஆம் வருஷம், கத்திரி வெயில் நேரம். பெரம்பலூரில் அரியலூர் ரோட்டில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். டிரைவர்கள் மத்தியில் எனக்கு 'டைரக்ட்' என்றே பெயர். எந்த மோட்டார் ஓடாவிட்டாலும் ரொம்ப நேரம் நோண்டிக்கொண்டிருக்க மாட்டேன். பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து, நடுவில் ஒரு சுவிட்சைப் போட்டு ஓட வைத்துவிடுவேன். அதைத்தான் 'டைரக்ட் கொடுப்பது' என்போம். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அன்றைக்கு லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவர் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சவுதியில் வேலை, லீவில் வந்தவர். வண்டி ஓடினால் ஏசி குளிர்கிறது, நின்றால் அனல் அடிக்கிறது என்றார். முதல் நாள் அரியலூர் ரயில்வே கேட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, பின் சீட்டில் இருந்த அவருடைய அப்பா மூச்சுவிட முடியாமல் தவித்துப்போனாராம்.

"அத்தாவுக்கு வெக்கை ஆகவே மாட்டேங்குது தம்பி. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரணும். எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க."

ஏசியைப் போட்டுப் பார்த்தேன். முன்பக்க ஃபேன் சுற்றவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும், நின்றால் அந்த ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்ததும் மோட்டார் ஜோராகச் சுற்றியது. ஆனால் ஏசி போட்டால், ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயில் 'டிக்' சத்தம் வரவில்லை. ரிலே போய்விட்டது, திருச்சியில்தான் கிடைக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்திலேயே இருந்த, அதே மாதிரியான ஹாரன் ரிலேயைப் பிடுங்கி மாட்டி, கோளாறு ரிலேயில்தானா என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? பார்க்கவில்லை. வாசலில் இன்னும் மூன்று வண்டி நின்றது.

டைரக்ட் கொடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே சுவிட்சை வைத்தேன். சாவியைத் திருப்பினால் அணைகிற மாதிரியும் வயரை எடுத்திருக்கலாம். அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், எனக்கு அலுப்பு. "வண்டிய நிறுத்துனா இதையும் மறக்காம அணைச்சிடுங்க பாய்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

நான்காம் நாள் அந்த ஊர் வேன் டிரைவர் வந்து நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் கார்க்காரருடைய மச்சான் காரை எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து கொல்லைப்பக்கக் கொட்டகையில் விட்டிருக்கிறார். அவருக்கு அந்த சுவிட்ச் தெரியாது. விடிய விடிய ஃபேன் ஓடி பேட்டரி செத்துவிட்டது. விடியற்காலை பெரியவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர்களெல்லாம் சேர்ந்து தள்ளியும் கார் கிளம்பவில்லை. வேன் பிடித்துப் போவதற்குள் நேரமாகிவிட்டது. பாடாலூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் போனேன். தள்ளிக்கொண்டு வந்த இடத்திலேயே, தெருவில் கார் நின்றது. துக்க வீட்டுக்குள் போகத் தைரியம் இல்லாமல் பானெட்டைத் தூக்கினேன். நான் போட்ட சுவிட்சைக் கழற்றிவிட்டு, கொண்டுபோன பேட்டரியை மாட்டி, முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ரிலே நன்றாகவே இருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால், அதன் கறுப்பு எர்த் வயர் வண்டித் தகட்டில் சேரும் இடம் துருப்பிடித்து, கரண்ட் ஓட வழியில்லாமல் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முடுக்கி, ஏசியைப் போட்டேன். ஃபேன் தானாகச் சுற்றியது. மொத்தமும் பத்து நிமிஷ வேலை. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

கார்க்காரர் வெளியே வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நீங்க சொல்லித்தான் அனுப்புனீங்க. நான்தான் மச்சான்கிட்ட சொல்ல மறந்துட்டேன். ஆனா வூட்ல எல்லாரும் அவரைத்தான் பேசுறாங்க தம்பி. தலைய நிமிர முடியல அவரால."

அவர் கண் காட்டிய பக்கம், கொல்லைக் கதவோரம் ஒருவர் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். தப்பு அவருடையது இல்லை, நான் அன்றைக்கே ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த சுவிட்சே தேவைப்பட்டிருக்காது என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "சுவிட்ச எடுத்துட்டேன் பாய், இனிமே தானா ஓடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் கழிந்தபின் மனசு கேட்காமல் மறுபடி போனேன். அவர் சவுதிக்குத் திரும்பிவிட்டார். மச்சானைப் பற்றிக் கேட்டதற்கு, "அவரு இந்த வூட்டுப் பக்கம் வர்றதையே நிறுத்திட்டாருங்க" என்றார்கள். எங்கே இருக்கிறார் என்று கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் டைரக்ட் கொடுத்ததில்லை, எந்த வண்டி வந்தாலும் முதலில் எர்த்தைத்தான் தேய்க்கிறேன். ஆனால் கதவோரம் தலைகுனிந்து நின்ற அந்த மனிதர், என் தப்பைத் தன் தப்பு என்று நம்பிக்கொண்டு இன்னமும் எங்கேயோ இருக்கிறார்.