காய்ச்சல் செய்திகள் ஒட்டிய நோட்டு

பக்கத்து வீட்டு அக்காவின் ஒரே மகள் இறந்த மறுநாள், 'மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி' என்று பேப்பரில் நாலு வரி வந்தது. என்ன மர்மம்? டெங்கு என்று ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே எழுதியிருந்தது. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்த பிள்ளை அவள்.

அன்றிலிருந்து நெல்லைப் பதிப்பில் வருகிற காய்ச்சல் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்ட ஆரம்பித்தேன். பள்ளிக்கூட லைப்ரரியில் கிடந்த பழைய பேப்பர்களையும் விடவில்லை. விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால், யார் பேசியிருக்கிறார்கள், யார்மேல் பழி விழுந்திருக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பேசியதெல்லாம் அதிகாரிகள். பழியெல்லாம் வீட்டுப் பெண்கள்மேல். தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப அதே பாட்டு. ஏன் தேக்குகிறார்கள் என்று ஒரு செய்திகூடக் கேட்கவில்லை. ராதாபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருவது பத்து நாளைக்கு ஒருதடவை. டிரம்மில் பிடிக்காமல் வாயிலா பிடித்து வைப்பது?

தினமும் தண்ணீர் விடச் சொல்லி இரண்டுதடவை மனு கொடுத்தும் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வி பேப்பரில் வந்துவிட்டால் எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும் என்று நம்பினேன். டவுணிலிருந்து ஒரு நிருபரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நல்ல பாயிண்ட் டீச்சர்" என்றார். அவரை நேராக அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேசினால் ஊர் கேட்கும் என்பது என் நினைப்பு.

அக்கா டிரம்களைப் பழைய சேலைத் துணியால் வாய்கட்டி, மேலே பலகை போட்டுத்தான் வைத்திருப்பாள். மகள் இருந்தபோதும் அப்படித்தான். ஆனால் துணி கட்டியிருந்தால் படத்தில் என்ன தெரியும்?

"அவுத்துருங்க அக்கா. பத்து நாளுக்கு இவ்வளவு தண்ணிதான்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நிருபர் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் படம் பெரிதாகவே வந்தது. பத்து நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. சிறுமி இறந்த வீட்டிலேயே திறந்து கிடக்கும் டிரம்கள், பொதுமக்கள் அலட்சியம் என்று கீழே போட்டிருந்தார்கள். நிருபருக்குப் போன் செய்தேன்.

"நான் எழுதித்தான் குடுத்தேன் டீச்சர். ஆபீஸ்ல வெட்டிட்டாவ" என்றார்.

அன்றே சுகாதார ஆட்கள் வந்து தெருவிலுள்ள டிரம்களையெல்லாம் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த தண்ணீருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பெண்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். பெத்தவளே பிள்ளையைக் கொன்னுட்டா என்று ஒருத்தி அக்காவின் காதுபடச் சொன்னாள்.

சாயங்காலம் அக்கா பேப்பரும் கையுமாக என்னிடம் வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், எம்பிள்ள இருக்கும்போது நான் துணி கட்டித்தானே வச்சிருந்தேன்?"

"கட்டித்தான் வச்சிருந்திய அக்கா. நான் தினமும் பாத்திருக்கேன்லா."

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என் மனசுக்காகச் சொல்லுதிய" என்றாள். "பேப்பர்ல வேற மாதிரில்லா போட்டிருக்கு."