பத்து வருஷ வயிற்றுவலி

"சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது. துப்பின எச்சிலை எவனாவது முழுங்குவானா?"

நம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் தம் பட்டறை வாசலில் நின்று இப்படி முழங்கியபோது, எதிரே ஒரு வாடிக்கையாளர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டியில், போன வாரம்தான் பழுது பார்த்துக் கொடுத்த ஃபிரிட்ஜ். பத்து வருஷம் ஓடும் என்றீர்களே என்று அந்த மனிதர் பரிதாபமாகக் கேட்டதற்குத்தான் மேற்படி முழக்கம்.

"ஓடும்னு சொன்னேன், ஓடும். நடுவுல கொஞ்சம் ஓய்வெடுக்குது, அவ்வளவுதான்."

அவருக்குப் பத்து வருஷம் என்பது கால அளவு அல்ல, ஒரு மரியாதை. எது அவர் மனதுக்குப் பிடித்திருக்கிறதோ அதற்குப் பத்து வருஷம் வழங்கப்படும். போன வருடம் வாங்கிய ஸ்கூட்டர் பத்து வருஷமாக அவரைச் சுமக்கிறது. ஆறு மாதப் பழக்கமுள்ள டீக்கடைக்காரர் பத்து வருஷச் சிநேகிதர். தெருவில் அவருக்குப் பெயரே 'பத்து வருஷம்'தான்.

"பொய் சொல்ல மாட்டாரு. உண்மைக்குக் கொஞ்சம் காத்து அடிப்பாரு, டயருக்கு அடிக்கிற மாதிரி" என்பது மனைவியின் வாக்குமூலம்.

அந்த அம்மாள் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தும் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வயிற்றில் வலி வந்தது. இரண்டு வாரம் சோடா குடித்துச் சமாளித்தார். ஒரு மத்தியானம் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் தூக்கம் வழியும் கண்களோடு ஓர் இளம் டாக்டர், கையில் பேனாவோடு கேட்டார்: "எவ்வளவு நாளா வலி?"

அம்மாள் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வீட்டில் வாய் என்றால் அது கூட வந்திருந்த கணவருடையதுதான்.

"நாளா? என்ன டாக்டர் கேக்குறீங்க! பத்து வருஷமா இந்த வலியைப் பொறுத்துக்கிட்டிருக்கா. ஒரு நாள் 'ஆ'ன்னு சொன்னதில்லை. இப்படி ஒரு பொம்பளையை நீங்க பாத்திருக்கவே முடியாது!"

கல்யாணமான நாளிலிருந்து மனைவியைப் பிறர் முன்னால் அவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் அந்தப் புகழ்ச்சியை வரி பிசகாமல் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில், போன வருஷம் மருத்துவச் செலவுக்குப் பாலிசி எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து, பணத்துக்குப் பதிலாகப் பதில் வந்தது: பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள், பணம் கிடையாது. ஓவர்லாக் மெஷினுக்குச் சேர்த்த காசும், கழுத்திலிருந்த சங்கிலியும் பில்லுக்குப் போயின.

அந்தக் கம்பெனியின் பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும். 'உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்' என்பது அதன் விளம்பரம். உண்மைதான், பாகம் பிரிக்கும்போதுதானே குடும்பத்தின் குணம் தெரியும்? பிரீமியம் ஒரு நாள் தாமதமானால் மூன்று முறை போன் செய்து நலம் விசாரிக்கும். ஊரில் ஒரு ஈ காக்கைகூட நம்பாத மெக்கானிக்கின் பத்து வருஷத்தை, உலகத்திலேயே முதன்முதலாக அப்படியே நம்பிய மகானும் அந்தக் கம்பெனிதான். பத்து வருஷ வலிக்கு ஒரு மாத்திரைச் சீட்டாவது இருக்குமே என்று அதற்குத் தோன்றவில்லை. நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மெக்கானிக் நேராகக் கிளை அலுவலகத்துக்குப் போய்க் கூரை அதிரக் கத்தினார். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண், மனப்பாடம் செய்த முகத்தோடு சொன்னாள்: "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது சார்."

"புரிஞ்சா பணத்தைக் குடு."

"புரியுது சார். ஆனா சிஸ்டம் ஏத்துக்கலை."

"அந்த சிஸ்டத்தை வெளிய வரச் சொல்லு. நான் பேசிக்கிறேன்!"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கேஸ் ஷீட்டில், டாக்டரின் கையெழுத்தில், அவருடைய பத்து வருஷம்.

"இது நீங்க சொன்னதுதானே சார்?"

"நான்தான் சொன்னேன்! சொன்ன சொல்லை மாத்துற பரம்பரை இல்லை நாங்க!"

அதையும் அவள் பதிவு செய்துகொண்டாள்.

பாலிசியை விற்றவன் மனைவியின் தம்பி. இரண்டு நாள் போனை அணைத்து வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்தான்.

"மாமா, டாக்டரைப் பாத்துட்டேன். கேஸ் ஷீட்டைத் திருத்த முடியாதாம். நீங்க தவறாச் சொல்லிட்டதா ஒரு வரி எழுதிக் குடுத்தா, அவரு விளக்கக் கடிதம் தர்றாராம்."

"என்னைப் பொய்யன்னு நானே எழுதணுமா? மாப்ளே, பாலிசி விக்கிறப்போ உன் வாய் காதுவரைக்கும் இருந்துச்சு. இப்ப எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?"

"என் வாய் பாலிசி வித்துச்சு மாமா. உங்க வாய் அதைக் கவுத்துச்சு."

அம்மாள் துணி ஓரங்களை ஊசியால் கையிலேயே தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் செய்ய வேண்டிய வேலை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"எவ்வளவு நாளா வலின்னு அந்த டாக்டர் என்னைத்தான் கேட்டான். என் வயிறு, என் வலி. பதில் மட்டும் நீங்க சொன்னீங்க. கம்பெனிக்காரன் திருடன், சரி. அவன் வீட்டுக்குள்ள வர்றதுக்குக் கதவைத் திறந்து விட்டது யாரு?"

மெக்கானிக் பட்டறைக்குப் போய்விட்டார். பரம்பரை கௌரவம் இரண்டு மாதம் காப்பாற்றப்பட்டது.

அம்மாள் காத்திருக்கவில்லை. தம்பியை உட்கார வைத்து, கம்பெனியின் மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். அங்கிருந்தும் அதே பதில், இன்னும் வழவழப்பான தாளில். அடுத்து, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதச் சொன்னார். விசாரணை நாளன்று கணவரிடம், "வர்றதா இருந்தா வாங்க. பேசுறதா இருந்தா வராதீங்க" என்றார்.

பணம் கடைசியில் வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். கையுறைக்கும் பஞ்சுக்கும் பணம் தர மாட்டோம் என்று கழித்துக்கொண்டுதான் வந்தது. கையுறை போடாமல் அறுத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கட்சி போலும். ஆனால் வருவதற்கு முன் அந்தச் சின்ன அறையில் ஒரு சங்கதி நடந்தது.

அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள். கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மேடம், பத்து வருஷம்னு கணவரே சொல்லியிருக்கார். கிளைக்கு வந்தும் அதையே உறுதிப்படுத்தியிருக்கார். சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்னு."

அதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். "அப்படியா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் எழுந்தார். எச்சிலை முழுங்கினார்.

"அது... சும்மா சொன்னதுங்க."

"கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

"பெருமைக்குச் சொன்னதுங்க. பத்து வருஷமெல்லாம் இல்லை." மனைவியைக் கை காட்டினார். "எத்தனை நாளுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டதில்லை. அவளைக் கேளுங்க."

உட்கார்ந்துவிட்டார். அதிகாரி அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார்.

அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். மெக்கானிக் வாயே திறக்கவில்லை.