நாரா மான்களைப் பார்க்க அனுமதி

வெளிநாட்டுப் பயண விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. மேலிடத்தில் அதைப் படித்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். எங்கள் உறுப்பினர் ஒருவரை ஒசாகா கண்காட்சியில் நெய்துகாட்ட அழைத்திருந்தார்கள். ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம்; குறுக்கு நூலை ஓட்டும் நாடாவும் தனித்தனி. மறுபக்க நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இருபது வருடமாக அப்படி உட்கார்ந்தவர் அவர் மனைவி.

"அவ இல்லாம அங்க போயி இன்னா சார் பண்றது? ஒரு பக்கம் கரை இல்லாத சேலையா நெய்யறது?" என்றார்.

படிவத்தில் இரண்டாம் நெசவாளருக்கு இடமில்லை. சுற்றுலாப் பயணிக்கு இருந்தது. அந்த அம்மாளைச் சுற்றுலாப் பயணி ஆக்கினேன். பார்க்கும் இடங்களைக் காரணத்துடன் எழுத வேண்டும். பட்டுக்கடையில் தொங்கிய ஜப்பான் காலண்டரை வாங்கிவந்து விரித்தேன். கியோத்தோவில் குளக்கரைத் தங்க மண்டபம், ஒசாகாவில் கோட்டை, நாராவில் தெருவில் திரியும் மான்கள். தோக்கியோ இருந்த தாளில் யாரோ பஜ்ஜி மடித்துவிட்டார்கள்.

"இந்த மானு கடிக்குமா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தெரியாதும்மா."

"அப்ப எழுதிக்கோங்க. போயி பாத்தாத்தானே தெரியும்."

காரணத்தில் அதையே எழுதினேன். மான்களுக்கும் கைத்தறிக்கும் உள்ள தொடர்பை விளக்குமாறு மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. சுற்றுலாப் பயணிக்கு அத்தகைய தொடர்பு தேவையில்லை என்று விதி எண்ணோடு பதில் போட்டேன். பிறகு மூன்று நினைவூட்டுக் கடிதங்களுக்கும் மௌனம்தான்.

விமான நாள் வந்தது. நெசவாளர் தனியாகப் போனார். ஒசாகாவில் தறி பூட்டினார்கள். மறுபக்க நாடா தள்ள ஆளில்லை. விருந்தாளி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காத ஜப்பான்காரர்கள், அவரைத் தினமும் பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார்கள். மண்டபம், கோட்டை, மான். நான் எழுதிய பட்டியலில் ஒன்றுகூட விடுபடவில்லை.

திரும்பி வந்தவரைப் பார்க்கப் போனேன். இருவரும் தறியில் இருந்தார்கள்.

"நெய்யப் போனவரு ஊரச் சுத்திட்டு வந்துக்கிறாரு சார். சுத்திப் பாக்க வேண்டியவ இங்க நாடா தள்ளிக்கினு இருக்கேன்," என்றார் அந்த அம்மாள்.

அவர் தலை நிமிராமல், துணி சுற்றிய ஆட்காட்டி விரலை மனைவியிடம் நீட்டினார். "கடிக்குதுமா. போதுமா?"

அந்த அம்மாள் நாரா சென்று மான்களைப் பார்க்கலாம் என்ற அனுமதிக் கடிதத்தைத் தபால் பதிவேட்டில் என் கையாலேயே பதிந்தேன். தேதி, அக்டோபர் இருபத்தாறு. கண்காட்சி முடிந்தே ஆறு வாரம் ஆகியிருந்தது.