எங்கள் வீடு ஆறாவது நிறுத்தம்

ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுச் சுவரில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நடுவே கறுப்புக் கட்டம், மேலே ஆறு என்ற எண், கீழே இரண்டு பாதங்களின் படம். வீட்டு வரிக்காரர்கள் ஒட்டியதா, கணக்கெடுக்க வந்தவர்கள் ஒட்டியதா என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கட்சிக்காரர்கள், கண்ணீர் அஞ்சலிக்காரர்கள், டியூஷன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் எங்கள் சுவர் பொதுச்சுவர்தான். நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

வீடு பெரிய வாய்க்காலின் மேற்குக் கரையில் இருக்கிறது. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சியில் வெள்ளைக்காரர்கள் இருந்த வீதிகள், இந்தப் பக்கம் நம்மவர்களின் வீதிகள், நடுவே நாறுகிற தண்ணீர். நானும் அக்காவும் மட்டும்தான் அந்த வீட்டில். என் கணவர் இறந்த பிறகு நான் அங்கே வந்து சேர்ந்தேன். அக்காவின் கணவர் இறக்கவில்லை, பிரான்சில் இருக்கிறார். கல்யாணமான அடுத்த வருடமே போனார். விசா பேப்பர் அனுப்புகிறேன், நீயும் வந்துவிடு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் பெண் வீட்டார் வேறெதையும் விசாரிக்க மாட்டார்கள், எங்கள் அப்பாவும் விசாரிக்கவில்லை. முதலில் ஞாயிறுதோறும் போன் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பதாகக் காதில் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்காரும்போது மூன்று தட்டு வைப்பாள். மூன்றாவது தட்டைக் கவிழ்த்து வைப்பாள். ஆரம்பத்தில் நான் சண்டை போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். வெளியாள் யாருக்கும் இது தெரியாது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் யாரும் இல்லை.

நான் துணிக்கடையில் ரவிக்கைத் துணிப் பக்கம் நிற்கிறவள். எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெள்ளைக்காரன் போனான், அவனுடைய மத்தியானத் தூக்கம் போகவில்லை என்று எங்கள் முதலாளி சொல்வார். அந்த மூன்று மணி நேரம் வாய்க்கால் கரையில் ஒரு ஆள் இருக்காது. ஷட்டர்கள் இறங்கியிருக்கும், நாய்கூட வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். ஸ்டிக்கர் வந்த சில நாட்களில், அந்த நேரம் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒருவர், இருவர், சில நேரம் ஒரு குடும்பம். காதில் சின்னதாக எதையோ செருகியிருப்பார்கள். பேச மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பார்கள், ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்ப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். நான் கதவைத் திறந்து "இன்னா வேணும்?" என்று கேட்டால் திடுக்கிட்டு நகர்வார்கள். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

அந்த ஜன்னலில் எப்போதும் அக்கா இருப்பாள். கடற்காற்று வரும் ஒரே இடம் அதுதான். பூண்டு உரிப்பாள், போனில் சீரியல் பார்ப்பாள். ஆனால் அவர்கள் வந்து நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். முதுகை நேராக்கிக்கொண்டு, இமைகூட அசையாமல், அவர்களின் தலைக்கு மேலே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை ஒரு காலேஜ் பெண் வீரிட்டுக் கத்தினாள். ஈயை ஓட்ட அக்கா கையைத் தூக்கியிருந்தாள், அவ்வளவுதான்.

"ஏன்க்கா பொம்மையாட்டம் உக்காந்திருக்க?"

"பாக்கறாங்க இல்ல, பாத்துட்டுப் போவட்டும்."

"உனக்கு இது பெருமையா?"

அவள் பூண்டை எடுத்துக்கொண்டாள். அந்த மாதங்களில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. யாரும் இல்லாத நேரத்திலும் அதே மாதிரி உட்கார ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து நான் இரண்டு தடவை கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். திரும்பும்போது என்னை யாரென்று தேடுவதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கு இன்னா கேடு?" என்றாள்.

ஒரு நாள் சென்னைக்காரக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. நான் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பக்கத்தில் வந்தார். "இந்த வீட்டுலயா இருக்கீங்க? பயமா இல்லையாங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டுக் கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டு, அவள் சொன்ன ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டேன். நீங்களாகவே நடந்து பார்க்கும் வாய்க்கால் கரை உலா என்று போட்டிருந்தது. முதல் நிறுத்தம் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழிதானே, என்னதான் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று, ஒரு மணிக்குக் கடை சாத்தியதும் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நல்ல தமிழில் ஒரு பெண்குரல் பேசியது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இல்லாதவர்களை எல்லாம் இருக்கிறார்கள் என்று சொன்னாள். "இதோ, உங்கள் இடப்பக்கம் துணி துவைக்கிறார்கள். சத்தம் கேட்கிறதா?" என்றாள். இடப்பக்கம் சாத்திய ஷட்டர்தான் இருந்தது. "கரையில் சாயம் தோய்த்த நீலத்துணி காய்கிறது. குனிந்து போங்கள்" என்றாள். நான் குனிந்தேன். சத்தியமாகக் குனிந்தேன். தினமும் நடக்கிற தெரு அது. எந்தப் பள்ளத்தில் கால் இடறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று உச்சி வெயிலில், சுற்றிலும் ஒரு ஆளும் இல்லாமல், அந்தக் குரலோடு நடக்க நடக்க அது என் தெருவாக இல்லை. நான்தான் அங்கே இல்லாதவள் என்று தோன்றிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு எதிரே வந்ததும் "ஆறாவது நிறுத்தம். நில்லுங்கள்" என்றாள். நின்றேன்.

"இந்த வீட்டில் அந்தக் காலத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் கணவன் கப்பலேறிப் பிரெஞ்சு தேசம் போனான். அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்."

எங்கள் வீட்டுக்குள், எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடப்பது அது. நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. யார் பார்த்தது? எங்கிருந்து பார்த்தது?

குரல் நிறுத்தவில்லை. "ஒரு நாள் நடுப்பகலில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, இந்த வாய்க்காலைத் தாண்டி நடந்து கடலுக்குப் போனாள். திரும்பவில்லை. மதிய நேரத்தில் அந்த ஜன்னலில் அவளைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இப்போது நிமிர்ந்து பாருங்கள்."

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி இருந்தது. அக்கா இல்லை.

கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. அக்கா மத்தியானத்தில் வெளியே போகிறவளே இல்லை. திண்ணையில் ஏறி ஜன்னல் வழியாக இரண்டு தடவை கூப்பிட்டேன், உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "வாருங்கள், அவள் போன வழியில் போவோம்" என்றது குரல். காதிலிருந்து அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் போன வழி அந்தக் குரலுக்குத்தான் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். இடதுபக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். பாலத்தைத் தாண்டி வெள்ளைக்கார வீதிகளில் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே போகச் சொன்னது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. காகிதப்பூ தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. "அவள் அவசரப்படவில்லை" என்றது. "அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்றது. "வாய மூடுடி" என்று நான் நடுத்தெருவில் கத்தினேன். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே பீச்சுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தக் காலத்தில் கப்பல் வந்து நின்ற பழைய பாலத்தின் துருப்பிடித்த கால்கள் கடலில் தெரியும் இடம்தான் கடைசி நிறுத்தம். கரையில் அடுக்கியிருந்த கருங்கற்களில், கீழே, அலை வந்து நனைக்கிற கல்லில் அக்கா நின்றிருந்தாள். செருப்பில்லை. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

நான் பாறைகளில் கையை ஊன்றி இறங்கிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "இங்க இன்னாக்கா பண்ற?"

"அவ எறங்கின எடத்தப் பாக்க வந்தேன்."

"எவ? அப்படி எவளும் இல்ல. நம்ம வீட்டு விஷயத்த எவனோ தெரிஞ்சிகிட்டு..."

"நான்தான்டி சொன்னேன்."

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த ஸ்டிக்கர் ஒட்றதுக்கு முன்னால, நீ கடைக்குப் போயிருந்தப்ப ஒரு பொண்ணு வந்துச்சி. பழைய வீடா இருக்கே, எதுனா கத இருக்கான்னு கேட்டுச்சி. என் கதைய என் கதன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. அந்தக் காலத்துல ஒருத்தி இருந்தான்னு சொன்னேன். எல்லாத்தயும் கேட்டுட்டு, கடைசில அவங்க இன்னா ஆனாங்கன்னு கேட்டுச்சி."

"அதுக்கு நீ?"

"இன்னா சொல்றது? தட்டு வச்சிகினே இருக்கான்னா? உன் வீட்டுக்காரரு போனப்ப ஊரே வந்து அழுதுச்சி. மணி அடிச்சாங்க, அடக்கம் பண்ணாங்க, நீயும் அழுது முடிச்சிட்ட. எனக்கு எவ வந்து அழுதா? அதான், அவளுக்காச்சும் முடியட்டும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

"நீ எறங்கப் போறியாக்கா?"

"தெரியலடி" என்றாள். பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. சின்ன அழுகை இல்லை. என் புருஷன் சவப்பெட்டி முன்னால் எப்படி அழுதேனோ அப்படி, மார்பில் அடித்துக்கொண்டு, "பேப்பர் அனுப்பறேன்னியே மாமா, போன எடத்துலயே போய்ச் சேந்துட்டியே மாமா, எங்கக்காவத் தனியா உட்டுட்டுப் போய்ட்டியே" என்று நட்ட நடு வெயிலில் கத்தி அழுதேன். உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி அழுவது பாவம் என்று எனக்குத் தெரியும். அழுதேன். அக்கா முதலில் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணியது. பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது.

மேலே சாலையில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள், அதே மாதிரி காதில் செருகிக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் அதைக் கழற்றிவிட்டாள். பாறை விளிம்புவரை வந்து, தயங்கிக் கேட்டாள்.

"யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?"

"எங்கக்கா வீட்டுக்காரரு" என்றேன்.

"ஐயோ. எப்போங்க?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்பதாம்மா" என்றாள்.