மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை

சலவை ஆலையில் அந்த எலக்ட்ரீஷியனைக் ‘கைநாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மோட்டார் மீதும் உள்ளங்கையை வைத்து, சூட்டையும் அதிர்வையும் பார்த்து, நோய் சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்த வாரம் அது. துவைத்த துணியை உலோகக் கூடையில் போட்டுச் சுழற்றிப் பிழியும் இயந்திரம்தான் எல்லோரையும் காக்கவைத்தது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியை மாட்டியவர் கைநாடி. மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

“அம்பதுல ஓடுறத அறுபதுல விட்டா என்ன?”

மோட்டார் ஐம்பது ஹெர்ட்ஸுக்குச் செய்தது. தாண்டினால் முறுக்குவிசை குறையும், பேரிங் சூடேறும் என்பதெல்லாம் கைநாடிக்கு அத்துப்படி. அறுபது வைத்தார். கரண்ட் அளவுக்குள் நின்றது. கையை வைத்தார், சுடவில்லை.

“தாங்கும் சார்.”

அந்த இயந்திரத்தை ஓட்டியவன் கைநாடி மனைவியின் தம்பி. அக்கா நச்சரித்து வாங்கித் தந்த வேலை. மறுநாளே வந்தான்.

“மாமா, கூடை ஒரு மாதிரி முனகுது.”

“முனகாம பாட்டா பாடும்? துணிய ஒரு பக்கமா திணிச்சிருப்ப.”

“சமமாத்தான் போட்டேன். ஒரு தடவ வந்து பாருங்களேன்.”

வந்தார். பார்த்தது மோட்டாரைத்தான். “கல்லு மாதிரி இருக்குடா. போய் வேலையப் பாரு, பயந்தாங்கொள்ளி.”

வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், ஈரத்துணி கூடையின் சுவரைத் தள்ளும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். சோப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறி அரித்த கூடை அது. அதன் வெல்டிங்கில் யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் அது பிளந்து, வெளி உறையையும் கிழித்துக்கொண்டு பாய்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “நீங்க பாத்துட்டீங்கன்னுதானே திரும்பப் போய் நின்னான்” என்றாள்.

உள்ளே மச்சானின் வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. இடது கை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

“நம்ம துணிதான் மாமா. நல்லா காஞ்சிருக்கு.”

கைநாடி ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“மோட்டார் என்னாச்சு?” என்று கேட்டான் மச்சான்.

காலையில் மேற்பார்வையாளர் கேட்டதும் அதைத்தான். கைநாடியும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“அதுக்கு ஒண்ணும் ஆகலடா.”