காட்டில் ஓர் இரவுக்கு நான் சம்மதித்தது

புரொபெஸோருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். இரத்த ஓட்டத்துக்கென்று டொக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறை. முழங்கால்வரை இழுத்து ஏற்ற எப்படியும் பத்து நிமிடம் பிடிக்கும். அப்போதுதான் அவர் கேட்டார்.

"இந்தக் கிழமை முடிவிலை காட்டிலை ஒரு ராத்திரி படுப்பமா? நீயும் நானும்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் கதைத்ததெல்லாம் இத்தாலி மொழியில். இங்கே என் வாயில் வருகிற மாதிரி எழுதுகிறேன். அவருக்கு அப்போது எண்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், இங்கே வாத்தியாரையும் புரொபெஸோர் என்பார்கள். மனைவி இல்லை. ஒரே மகள் மிலானோவில். நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் அவருடைய வீட்டில் நான்கு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவில் இருந்து பஸ்ஸில் வந்தால் இரவு அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, பிரஷருக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. மகள் எனக்குச் சொல்லிவைத்தது மூன்றே விஷயம். குளிசை பிந்தக்கூடாது, அப்பா தனியே வெளியே போகக்கூடாது, போன் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

அந்த மூன்றையும் நான் கடவுள் வாக்காக எடுத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது தபால் கந்தோர் ரசீது மட்டும். கொஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமைக் கந்தோரில் விரலடையாளம் கொடுக்கிற நாள் வர மூன்று கிழமை இருந்தது. அதற்குள் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். கையெழுத்து வைக்க வேண்டியது மகள்.

"சரிவராது புரொபெஸோரே. குளிரும். உங்கடை மகளுக்குத் தெரிஞ்சால் என்னைத் துரத்திவிடுவா."

"தெரிஞ்சால்தானே," என்றார்.

அடுத்த நாள் போனபோது களஞ்சிய அறையில் இருந்து பழைய கூடாரம் கூடத்துக்கு வந்திருந்தது. எண்பத்தொரு வயது மனுஷன் ஏணியில் ஏறி எடுத்திருக்கிறார். மேசையில் ஒரு காகிதம். வன இலாகாவுக்கு அவரே முன்கூட்டி எழுதி, ஓர் இரவு தங்க அனுமதி வாங்கியிருந்தார். முத்திரையையும் திகதியையும் இரண்டு தரம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பிழையாவது இருந்தால் அதைச் சாட்டாக வைத்துத் தப்பியிருப்பேன்.

"நீ வராட்டில் பரவாயில்லை. கார்த் திறப்பு என்னட்டை இருக்கு," என்றார்.

அன்றிரவு வீட்டில் மனிசியிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்கு விசரே? அந்தாளுக்கு அங்கை ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"நான் போகாட்டில் தனியப் போகும். போற ஆள்தான்."

"அப்ப மகளுக்குச் சொல்லுங்கோ."

"சொன்னால் மறிப்பா. அவ மறிச்சாலும் அந்தாள் போகும். பிறகு நான் சொல்லிக்குடுத்தனெண்டு என்னோடை கதைக்காது."

"கதைக்காட்டில் என்ன? பேப்பரிலை கையெழுத்து வைக்கிறது மகள்தானே?"

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் நான் மகளுக்கு அழைக்கவில்லை. மூன்று தரம் போனைக் கையில் எடுத்து மூன்று தரமும் வைத்துவிட்டேன். அந்த மனுஷன் ஏணியில் ஏறியதை நினைக்க ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் என்னவோ செய்தது. சனிக்கிழமை காலை மனிசி ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டித் தந்தாள்.

செப்டெம்பர் கடைசி. நான்தான் கார் ஓட்டினேன். மதோனியே மலைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது, வளைவுக்கு வளைவு அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில். கடைசி ஊரில் ஒரு பாரில் நிறுத்தி அவர் மகளுக்கு அழைத்தார். வழியில் அங்கே மட்டும்தான் சிக்னல் இருந்தது. "எனக்குக் கொஞ்சம் அலுப்பு, இண்டைக்கு வெள்ளன படுக்கப் போறன், வழமை போலை எட்டு மணிக்கு எடுக்காதை," என்றார். நான் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றேன். மகளின் குரல் எனக்கும் கேட்டது. "அவர் பக்கத்திலை நிக்கிறாரோ?" என்று என்னைப் பற்றித்தான் கேட்டாள். "நிக்கிறார்," என்றார் புரொபெஸோர். அது மட்டும் உண்மை.

கார் போகக்கூடிய பாதை முடிகிற இடத்தில் இருந்து ஒரு மணித்தியால நடை. கூடாரம், இரண்டு ஸ்லீப்பிங் பாக், எட்டு லீட்டர் தண்ணீர், சாப்பாடு, ஒரு சின்ன மண்வெட்டி, குளிசைப் பெட்டி எல்லாம் என் முதுகில். அவர் இரண்டு கைத்தடியோடு முன்னால் போனார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நான் களைத்தது போல நடித்து நின்றேன். நான் நின்றால்தான் அவர் நிற்பார். நின்றபடி அவருடைய மூச்சை எண்ணுவேன். உதட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பேன். அவரோ மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாஜ்ஜோ என்கிற, சாம்பல் நிறப் பட்டை மரங்கள். இலைகள் ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

மேலே ஒரு புல்வெளி. மாடுகள் தண்ணீர் குடிக்கக் கல்லில் கட்டிய ஒரு தொட்டி. வேறொன்றும் இல்லை. கட்டடம் இல்லை, விளக்கு இல்லை, கழிவறை இல்லை. நெருப்பு மூட்டவும் தடை. கூடாரத்துக்குள் படுப்பதை ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்தோடு முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆசைப்பட்டு ஒருவர் அதைத் தேடி வருவார் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பொழுதுபட முன்னர் அவருக்கு வெளிக்குப் போக வேண்டியிருந்தது. மண்வெட்டியால் குழி வெட்டி, அவர் குந்தும்போது விழாமல் இருக்க இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினேன். வீட்டில் குளிப்பாட்டி விடுகிறவன் நான். எனக்கு அது வேலை. ஆனால் திரும்பி நடக்கும்போது அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அதன் காரணம் அடுத்த நாள்தான் எனக்கு விளங்கியது.

ரொட்டியைக் கையால் பிய்த்து, உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். மிச்சச் சாப்பாட்டைப் பையில் கட்டிக் கொப்பில் தூக்கிவிடச் சொன்னார். காட்டுப்பன்றி வருமாம். இருட்டியதும் உண்மையாகவே வந்தது. கூடாரத்துக்கு வெளியே உறுமிக்கொண்டு மண்ணைக் கிண்டுகிற சத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தேன்.

"பண்டி. தன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு போகும். படு," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

அவர் நித்திரையானார். நான் எங்கே நித்திரையாவது? அவருடைய குறட்டை நின்றால் என் நெஞ்சும் நின்றது. மூக்கடியில் கையை வைத்துப் பார்ப்பேன், சூடு பட்டால் திரும்பப் படுப்பேன். விடிய முன்னர் எப்போதோ அசந்துபோனேன்.

கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பக்கத்தில் ஸ்லீப்பிங் பாக் வெறுமையாகக் கிடந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. சப்பாத்தும் ஒரு கைத்தடியும் இல்லை. மற்றத் தடி கிடந்தது.

வெளியே வந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. "புரொபெஸோரே!" என்று கத்தினேன். எங்கேயோ மாட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பவும் கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஓடத்தான் கால் உன்னியது. ஆனால் நானும் வழிதவறினால் இரண்டு பேரும் போச்சு. ரொய்லெட் பேப்பர் உருளையை எடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு கொப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தேன். முதலில் பாதைப் பக்கம். இல்லை. திரும்பிக் கூடாரத்துக்கு வந்து தொட்டிப் பக்கம். தொட்டிக்குள்ளேயும் குனிந்து பார்த்தேன். இல்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுத வேண்டும். அவரைப் பற்றி ஒரு தரம் நினைத்தால், கொஸ்தூராவைப் பற்றி இரண்டு தரம் நினைத்தேன். பொலிஸ் கேட்கும், மகள் கேட்பாள், நீ ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்று. நான் என்ன சொல்வேன்? பிறகு அப்படி நினைத்ததற்காக என்னையே ஏசிக்கொண்டு அடுத்த துண்டைக் கட்டினேன்.

தொட்டிக்குக் கீழே சரிவில் தடி கல்லில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். சறுக்கிக்கொண்டு இறங்கினேன். வேருக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு கால் செருகுண்டபடி சேற்றில் இருந்தார். முகம் வெள்ளையாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே காற்சட்டை கிழிந்து இரத்தம்.

"உன்னை எழுப்ப மனம் வரேல்லை," என்றார். பிறகு, "நேற்றுப் போலை நீ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது. காட்டிலை ஏலாது," என்றார்.

காலை மெல்ல விடுவித்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. அதை விட இரத்தம்தான் என்னைப் பயப்படுத்தியது. அவர் போடுகிற குளிசைக்கு இரத்தம் இலேசில் நிற்காது. தோளில் கிடந்த துவாயை வைத்து அழுத்தினேன். துவாய் நனைந்தது. நான் உடுத்துப் படுத்த சாரத்தில் பாதியைக் கிழித்து அதன் மேலே இறுக்கிக் கட்டினேன். அதிலும் மெல்ல ஊறியது.

"நான் மேலை போய்ப் போன் பண்ண வேணும்."

"வேண்டாம். கொஞ்சம் இருந்தால் நிண்டிடும். மகளுக்குத் தெரியவரும்."

"தெரியட்டும் புரொபெஸோரே."

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தரம். ஸ்லீப்பிங் பாக்கைக் கொண்டுவந்து சுற்றிவிட்டேன். காலைத் தூக்கிக் கல்லில் வைத்து, அவருடைய கையையே கட்டின் மேல் வைத்து, "விடாமல் அமத்துங்கோ," என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போவது சரியா பிழையா என்று ஒவ்வோர் அடிக்கும் மனம் அடித்துக்கொண்டது. போனை ஆகாயத்துக்குப் பிடித்தபடி மேட்டில் அரை மணித்தியாலம் நடந்த பிறகு ஒரு கோடு சிக்னல் வந்தது. அவசர இலக்கம் 112-க்கு அழைத்தேன். எங்கே, யார், என்ன வயது, மூச்சு விடுகிறாரா? கடைசியில் என் பெயரைக் கேட்டார்கள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

திரும்பிப் போனபோது கட்டை அழுத்தியபடியே இருந்தார். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். இரத்தம் குறைந்திருந்தது, ஆனால் அவருக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. முதுகுப் பக்கமாக இருந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"நான் உனக்குச் சொல்லாமல் தனிய வந்திட்டன், நீ தேடிக்கொண்டு வந்தனி. அப்பிடிச் சொல்லுவன். உனக்கு ஒரு பிரச்சினையும் வராது."

ஸ்லீப்பிங் பாக்கை அவருடைய தோள்வரை இழுத்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன்.

மீட்புக்காரர் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். மலையடி ஊர் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பதினொரு தையல் போட்டார்கள். எலும்பு உடையவில்லை. அவர் மகளோடு கதைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். கண்ணால் என்னவோ சொன்னார்.

"அப்பா சொல்லுறது உண்மையா?" என்று கேட்டாள் மகள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இல்லை சிஞ்ஞோரா. நான்தான் கார் ஓடினனான். நேற்று அவர் உங்களோடை கதைக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான்."

"நாளைக்கு வாறன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். புரொபெஸோர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

வந்தாள். குசினியில் எதிர்எதிராக இருந்தோம். நான் தேத்தண்ணி போட்டு வைத்தேன், அவள் தொடவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் மறிப்பியள். அவர் தனியப் போயிருப்பார்."

"அதை முடிவெடுக்க வேண்டியவள் நான்."

"ஓம். பிழை என்ரைதான்," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்தவில்லை. கார்த் திறப்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒப்பந்தத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிலானோவுக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு எட்டு நாள் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். மனிசி தான் வேலை செய்கிற வீடுகளில் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கூடக் குத்தியது.

ஒன்பதாம் நாள் ஈமெயிலில் ஒப்பந்தம் வந்தது. கையெழுத்து இருந்தது. கடைசியில் புதிதாக ஒரு வரி. நகரத்துக்கு வெளியே எங்கே போவதானாலும் முன்கூட்டியே அவளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பஸ்ஸுக்குள் நின்றபடி அதை நாலைந்து தரம் வாசித்தேன். கொஸ்தூராவில் விரல் வைத்தபோது கூட, அந்த அலுவலர் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்றே இருந்தது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

புரொபெஸோருக்குத்தான் என் மேல் கோபம் போகவில்லை. "உன்னை ஆர் உண்மை சொல்லச் சொன்னது?" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு ஒரு மாதத்துக்குக் கிட்ட "தண்ணி", "கண்ணாடி", "வேண்டாம்" இவ்வளவுதான் கதை. தையல் ஆறியது. நடை மட்டும் முன்போல் வரவில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே நடைவண்டி பிடித்துத்தான் நடக்கிறார்.

போன வைகாசியில் ஒரு மத்தியானம் தானாகக் கேட்டார், "கடற்கரைக்குப் போவமா? அவளுக்கு எழுதிக் கேள்." மொந்தெல்லோக் கடற்கரை எங்கள் நகரத்துக்கு உள்ளேதான். எழுத வேண்டிய தேவை இல்லை. இருந்தாலும் எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: போங்கள், தொப்பி போடச் சொல்லுங்கள். டாக்ஸியில் போனோம். அவர் பெஞ்சில் இருந்து கிரனித்தா என்கிற, ஐஸ் நொறுக்கிப் போட்ட எலுமிச்சைச் சாறு குடித்தார். காலைத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்றார், மெல்லக் கூட்டிக்கொண்டு போய் அலை ஓரத்தில் நிறுத்தினேன். ஓர் அலை கொஞ்சம் பெரிதாக வந்தது. இரண்டு கையாலும் அவரைப் பிடித்தேன். அன்று அவர் கையை உதறவில்லை.